நாகப்பட்டினத்தை அறிந்துகொள்வது எப்படி? முதல்முறை வருகிறவர்களுக்கு ஒரு செய்முறை

நாகூருக்குப் போகிறவர்களும் வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களும் நாகப்பட்டினத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். அங்கே இறங்கி ஊருக்குள் நடக்கிறவர்கள் குறைவு. நான் திருவாரூர்ப் பக்கத்து ஆள். சின்ன வயதில் நாகை பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ தடவை பஸ் மாறியிருக்கிறேன். ஊருக்குள் நடந்து பார்த்ததோ வேலைக்குப் போன பிறகுதான். அப்புறம் விட மனமில்லை. வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்ப் போய், எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்று ஒரு வரிசை அமைந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு சாயங்காலமும் மறுநாள் முழுவதும் போதும்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரைப் போல வானத்தைத் தொடும் கோயில் விமானம் இங்கே கிடையாது. இந்த ஊரின் பெரிய சொத்துகள் பல இப்போது வேறு ஊர்களில் இருக்கின்றன. அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கே என்ன இருக்கிறது? இங்கிருந்து எது போனது, எங்கே போனது? இரண்டாவது கேள்வியைக் கேட்காதவர்களுக்கு நாகை ஒரு சாதாரண மாவட்டத் தலைநகராகத்தான் தெரியும்.

முதல் படி: பகலில், ரயிலில் வாருங்கள்

பஸ் வசதி நிறைய உண்டு. ஆனாலும் முதல்முறை வருகிறவர்கள் தஞ்சாவூரில் ரயில் ஏறுங்கள். சுமார் 80 கிலோமீட்டர். நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல் என்று வண்டி கிழக்கே போகப் போக, ஆறுகள் ஒன்று இரண்டாகப் பிரிந்து, வாய்க்கால்களாகி, கடைசியில் உப்பங்காற்று ஜன்னலில் அடிக்கும். காவிரி கடலுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை இதைவிட நன்றாக எந்த வரைபடமும் காட்டாது. சம்பா பயிர் நிற்கும் கார்த்திகை, மார்கழியில் வந்தால் இரண்டு பக்கமும் பச்சைதான்.

இந்தப் பாதைக்கும் வயதாகிறது. நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு 1861-இலேயே ரயில் ஓடியது. ரயில்வே பணிமனையும் நாகையில்தான் இருந்தது. 1920-களின் கடைசியில் அது திருச்சி பொன்மலைக்குப் போனது. 'எது போனது' என்ற கேள்விக்கு முதல் விடை ஸ்டேஷனிலேயே கிடைத்துவிடுகிறது.

இரண்டாம் படி: திசை பிடித்துக்கொள்ளுங்கள்

இது எளிது. கிழக்கே வங்காள விரிகுடா. வடக்கே ஐந்தாறு கிலோமீட்டரில் நாகூர், அதையும் தாண்டினால் காரைக்கால். தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வேளாங்கண்ணி. மேற்கே ஐந்து கிலோமீட்டரில் சிங்காரவேலர் வேல் வாங்கும் சிக்கல். நான்கு மதத் தடங்கள் ஒரு டவுன் பஸ் தூரத்துக்குள் இருக்கின்றன. நான்காவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் டவுன் பஸ் அடிக்கடி உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஊருக்குள் நடையே போதும்.

மூன்றாம் படி: விடியும் முன் துறைமுகத்துக்குப் போங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முதல் தடவை நான் குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்குப் போய் நின்றேன். ஈரத் தரையும் பனிக்கட்டித் துண்டுகளும்தான் மிச்சம். ஐந்து மணிக்கே அங்கே இருக்க வேண்டும்.

கடுவையாறு கடலில் சேரும் முகத்துவாரம்தான் மீன்பிடித் துறைமுகம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் அக்கரைப்பேட்டை. பெயரே இடத்தைச் சொல்லிவிடுகிறது. விசைப்படகுகள் வந்து நிற்கும், ஃபைபர் படகுகள் நடுவில் நுழையும், ஏலக் குரல் ஏறி இறங்கும். பெரிய வஞ்சிரமும் கொடுவாவும் ஏலத்தில் மொத்தமாகப் போகும். சங்கராவையும் மத்தியையும் பெண்கள் கூறு கட்டி விற்பார்கள். யாரிடமாவது பேச நினைத்தால் படகைப் பற்றிக் கேட்காதீர்கள், மீனைப் பற்றிக் கேளுங்கள். "இது என்ன மீன்க்கா, குழம்புக்கா வறுவலுக்கா?" என்று ஒரு வார்த்தை போதும், சமையல் குறிப்பே கிடைக்கும். போட்டோ எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள். ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். சின்னப் படகு மீன்தான் வரும். அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்கள் போனது இந்த மாவட்டத்தில்தான், 6,000-க்கும் மேல். அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் மோசமாக அடிவாங்கின. இங்கே நீங்கள் பேசுகிற நடுத்தர வயதுக்காரர் யாராக இருந்தாலும் அன்று யாரையாவது பறிகொடுத்திருக்கலாம். நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவர்கள் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் கடலில் பால் ஊற்றிப் பூப் போடுகிறார்கள். மறுநாள் அதே கடலுக்குத்தான் தொழிலுக்குப் போகிறார்கள்.

நான்காம் படி: துறைமுகத்திலிருந்து நேராகக் காயாரோகணம்

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. காயாரோகணசுவாமி கோயில் அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். அம்மன் நீலாயதாட்சி, தமிழில் கருந்தடங்கண்ணி. ஆனால் நீங்கள் முதலில் தேட வேண்டியது அதிபத்த நாயனாரை. அறுபத்து மூவரில் ஒருவர், இந்த ஊர் நுளைப்பாடி மீனவர். தினமும் வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒரு காலத்தில் நாளுக்கு ஒரே மீன்தான் கிடைத்தது. அதையும் விட்டார், பட்டினி கிடந்தார். கடைசியில் பொன்மீன் ஒன்று விழுந்தபோது அதையும் விட்டார். காலையில் ஏலத்தைப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கதையைக் கேட்டால்தான், ஒரு மீனை விடுவது என்றால் என்ன என்று புரியும். ஆவணி மாதம் ஆயில்யத்தன்று தங்கமீனைக் கடலில் விடும் விழா இன்றும் நடக்கிறது.

சௌந்தரராஜப் பெருமாள் கோயிலும் பக்கம்தான். திருமங்கையாழ்வார் பாடிய திருநாகை. நேரம் இருந்தால் பாருங்கள்.

ஐந்தாம் படி: இல்லாத விகாரத்தைப் பாருங்கள்

நான்காவது தடம் இதுதான். முதலாம் ராஜராஜன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் மாரவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் இங்கே சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியை எழுப்பினான். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். சைவ மன்னன், பௌத்தப் பள்ளி, வெளிநாட்டு வணிகம் மூன்றும் ஒரே ஆவணத்தில். அதை ராஜேந்திரன் காலத்தில் 21 செப்பேடுகளில் வெட்டி, வளையத்தில் கோத்து முத்திரையிட்டார்கள். அதே ராஜேந்திரன்தான் பிறகு 1025-இல் ஸ்ரீவிஜயத்தின் மீதே படையெடுத்தான்.

நாகை 1658-இல் டச்சுக்காரர் கைக்குப் போனது. 1690-இல் அவர்களுடைய சோழமண்டலக் கரைத் தலைமையிடமே இங்கே வந்தது. 1781-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அந்த டச்சுக் காலத் தொடர்பில் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய், லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் வாங்கிவிட்டன. எனக்கு அந்தப் பெயரில் மனம் ஒப்பாது. ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றே சொல்லுங்கள். ஆனைமங்கலம் கீழ்வேளூர்ப் பக்கம் இன்றும் இருக்கிற ஊர்.

விகாரத்தின் கோபுரம் ஒன்று, செங்கல் கட்டடம், 1867 வரை நின்றது. கப்பலில் வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். இயேசு சபையினர் அரசின் அனுமதி வாங்கி அதை இடித்தார்கள். அவர்கள் 1844-இல் இங்கே தொடங்கிய கல்லூரியும் 1883-இல் திருச்சிக்குப் போனது; இன்றைய புனித வளனார் கல்லூரி அதுதான். ஆக, பார்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லாத இந்த இடத்துக்காக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கடற்கரையில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கம் உட்கார்ந்து, கடலிலிருந்து பார்த்தால் கரை எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள்.

ஆறாம் படி: மாலையில் நாகூர்

பஸ் ஏறினால் சிறிது நேரம்தான். சாகுல் ஹமீது ஆண்டவர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். மொட்டை போடும் இந்துக் குடும்பங்களையும், வீடு, படகு, கை, கால் உருவம் பதித்த தகடுகளைக் காணிக்கை வைப்பவர்களையும் பார்ப்பீர்கள். தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரியின்போது நாகையிலிருந்து கொடி ஊர்வலம் வரும். கப்பல் வடிவ ரதமும் அதில் உண்டு.

இங்கிருந்தும் போனவை உண்டு. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாகூர் தர்கா என்ற பெயரிலேயே நினைவிடங்கள் இருக்கின்றன. நாகையிலிருந்து மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர்கள் கணக்கில்லாதவர்கள். காலை உணவு சாப்பிடுவதை இங்கே "பசியாறுவது" என்பார்கள்; மலேசியத் தமிழர்களும் அப்படியே சொல்வார்கள். சாயங்காலம் சுடச்சுட இறால் வாடா கிடைத்தால் விடாதீர்கள்.

கப்பல் மறுபடி வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. பாஸ்போர்ட் வேண்டும். கடல் நிலையைப் பொறுத்தது, அதனால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: இதை நாகையில் செய்ய முடியாது

அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்குப் போங்கள். நாகையில் மண்ணுக்கடியிலிருந்து 300-க்கும் மேற்பட்ட புத்தர் படிமங்கள் கிடைத்தன. அவற்றில் பல அங்கே இருக்கின்றன. தலை உச்சியில் சிறு சுடர் ஒன்று எழுந்து நிற்கும். அதுதான் நாகைப் படிமத்தின் அடையாளம். கூட வருகிற பிள்ளைகளிடம் சுடரைக் காட்டி, காலையில் மீன் ஏலம் பார்த்தோமே, அந்த ஊரில் இருந்தவர் இவர் என்று சொல்லுங்கள்.