மேட்டு மண் சிவப்பு, வயல் மண் கறுப்பு: தோண்டிப் பார்த்துக் காரணம் அறியும் முறை

பாறைக் கனிமங்கள் சிதைந்து மண்ணாவதைப் பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. மண்வெட்டி, இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள், உருப்பெருக்கிக் கண்ணாடி, எலுமிச்சம்பழம், சிறு காந்தம் ஆகியவை போதும்.

படி 1: இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று தஞ்சாவூருக்கு அருகே உள்ள வல்லம் மேடு. மற்றொன்று நீடாமங்கலம் பக்கம் ஒரு நெல் வயல். வெயிலும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் மழையை மட்டும் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது. வல்லத்தில் இருப்பது காவிரி வண்டல் அன்று, அதைவிட மிகப் பழைய படிவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 2: பங்குனி, சித்திரையில் நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு முழங்கால் ஆழம் தோண்டுங்கள். அண்மையில் சுண்ணாம்போ ஜிப்சமோ போட்ட வயலைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: நிறத்தையும் பிசுபிசுப்பையும் பாருங்கள். அவசரப்படக் கூடாத படி இதுதான். வல்லத்து மண் செக்கச்செவேல் என்று இருக்கும். கீழே செம்புறாங்கல் தட்டுப்படும். மேட்டில் விழும் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, வெளியேறிவிடுகிறது. போகும்போது சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சோடியம், சிலிக்காவில் ஒரு பகுதி ஆகியவற்றைக் கரைத்து எடுத்துக்கொண்டே போகிறது. எளிதில் கரையாத இரும்பு ஆக்சைடும் கயோலினைட் என்னும் களிமமும் (களிமண் கனிமம்) தங்குகின்றன. மண்ணை நனைத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாக இழுத்தால் சீக்கிரம் அறுந்துவிடும்.

வயல் மண்ணோ நீளமாக இழுபடும். தாழ்ந்த சமவெளியில் நீர் தேங்குவதால் கரைந்த சிலிக்காவும் மக்னீசியமும் அங்கேயே நிற்கின்றன. நீரை உறிஞ்சி உப்பும் ஸ்மெக்டைட் களிமம் நிலைக்க அதுவே வாய்ப்பு. கோடையில் வயல் பாளம் பாளமாக வெடிப்பது அதனால்தான். இந்தக் களிமத்தில் பெரும்பங்கு ஆறு சுமந்துவந்தது. குடகு மலையில் தொடங்கி சுமார் 800 கிலோமீட்டர் வழியில் நடந்த சிதைவு அது.

வேர்களைப் பார்க்க மறவாதீர்கள். வேர் விடும் கரியமில வாயு நீரில் கரைந்து மென்மையான அமிலமாகிக் கனிமங்களை அரிக்கிறது. நெல் வயலில் இன்னொன்றும் நடக்கிறது: தண்ணீர் நிற்கும்போது காற்றில்லாமல் இரும்பு கரையும் வடிவுக்கு மாறி மண் சாம்பல் நிறமாகிறது. நெல் வேர் தண்டு வழியே காற்றைக் கீழே இறக்குவதால் அதைச் சுற்றி மட்டும் துருக்கோடுகள் படிகின்றன. கட்டியைப் பிட்டுப் பாருங்கள், நூல் நூலாகத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த சான்று இது.

படி 4: பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை சலவை சோடா. நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் இறங்கும். களி அடங்க ஒரு நாளுக்கும் மேலாகும். அடி மணலைக் கழுவி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். வயல் மணலில் காக்காப்பொன் மின்னும், சிதையக்கூடிய ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தின் மங்கிய துணுக்குகள் இருக்கும், காந்தத்தில் கருமணல் ஒட்டும். வல்லத்து மணலில் பெரும்பாலும் எளிதில் சிதையாத குவார்ட்ஸ் கனிமம்தான் மிஞ்சியிருக்கும். சிதையக்கூடியவை எப்போதோ சிதைந்துவிட்டன.

படி 5: வயல் குழியின் அடியில் வெள்ளைச் சுக்கான் கல் கிடைத்தால் பொடித்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. இங்கேதான் தட்பவெப்பம் பேசுகிறது: மழைக்காலம் சில மாதங்களோடு முடிந்து, நீண்ட கோடை நீரை உறிஞ்சிவிடுவதால் சுண்ணாம்பு அடித்துச் செல்லப்படாமல் கட்டிதட்டுகிறது. காவிரி பிறக்கும் குடகில், கொட்டும் மழைக்கு நடுவே, மலைச்சரிவு மண்ணில் இந்தக் கல்லைத் தேடுவது வீண்வேலை.