வேகப் படகுக்கு எத்தனை எச்.பி.? சாவிட்ஸ்கி முறையில் முதல் கணக்கு

வரைபடம் முடிவதற்குள்ளேயே எஞ்சின் பேச்சு வந்துவிடும். அதற்கு முன் தண்ணீரின் தடை எவ்வளவு என்று தெரியவேண்டும். தண்ணீர்மேல் எழும்பி ஓடும் ‘வி’ அடிப் படகுகளுக்கு டேனியல் சாவிட்ஸ்கி 1964-ல் வெளியிட்ட முறைதான் இன்றும் முதல் கணக்கு. ஒரு எக்செல் தாள் போதும்.

நம் உதாரணம்: 7 மீட்டர் படகு, எடை 2,000 கிலோ, அடிப்பகுதி அகலம் 2 மீட்டர், ‘வி’ கோணம் (அடிப்பகுதி கிடைமட்டத்திலிருந்து மேலே சாயும் கோணம்) 18 டிகிரி, வேகம் 25 நாட் (நொடிக்கு 12.86 மீட்டர்). எடையில் ஆட்கள், எரிபொருள், நங்கூரம் எல்லாம் சேரவேண்டும். வெறும் கூட்டின் எடையைப் போட்டால் கணக்கே பொய்.

1. வேகக் கெழு (கெழு என்றால் அலகில்லாத எண்) = வேகம் ÷ √(9.81 × அகலம்). விடை 2.9.

2. தூக்குக் கெழு = எடை ÷ (0.5 × 1025 × வேகம்² × அகலம்²). 1025 என்பது கடல்நீரின் அடர்த்தி. எடையை நியூட்டனில் போடுங்கள்: 19,620. விடை 0.058. இது ‘வி’ அடிக்கானது. தட்டை அடிக்கு மாற்ற:
வி கெழு = தட்டைக் கெழு − 0.0065 × கோணம் × தட்டைக் கெழு^0.6
நேராகத் தீர்க்க வராது. எக்செலில் ‘கோல் சீக்’ (விடையை வைத்துத் தெரியாத எண்ணைத் தேடும் வசதி) போட்டால் தட்டைக் கெழு 0.084.

3. ட்ரிம், அதாவது மூக்கு தூக்கும் கோணம், 4 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். விகிதம் என்பது நனைந்த நீளம் ÷ அகலம்; அதைத்தான் தேடுகிறோம்.
தட்டைக் கெழு = ட்ரிம்^1.1 × (0.012 × விகிதம்^0.5 + 0.0055 × விகிதம்^2.5 ÷ வேகக் கெழு²)
விகிதம் 1.73 வரும். அதை அகலத்தால் பெருக்கினால் நனைந்த நீளம் 3.46 மீட்டர். ட்ரிமை 2 டிகிரியாக்கினால் இந்த நீளம் 7.3 மீட்டர் ஆகிவிடும். படகே 7 மீட்டர்தான்! அந்த விடையைக் குப்பையில் போடுங்கள்.

4. தடைக்கு இரண்டு பங்கு. எடை × டேன்(ட்ரிம்) = 1,370 நியூட்டன். அடுத்தது உராய்வு:
உராய்வுக் கெழு = 0.075 ÷ (லாக் ரெனால்ட்ஸ் எண் − 2)²
ரெனால்ட்ஸ் எண் என்பது வேகம் × நனைந்த நீளம் ÷ தண்ணீரின் இயக்கப் பாகுநிலை; லாக் 10 அடிமானத்தில். சொரசொரப்புக்கு 0.0004 கூட்டினால் 0.0028.
உராய்வு = 0.5 × 1025 × வேகம்² × அகலம்² × விகிதம் × கெழு ÷ (காஸ் கோணம் × காஸ் ட்ரிம்) = 1,740. மொத்தம் சுமார் 3,110 நியூட்டன்.

5. பலரும் தாண்டிப்போகிற இடம் இது. 4 டிகிரி என்பது நாம் வைத்த எண். படகு அதில் ஓடுமா? தண்ணீரின் தூக்குவிசை எந்த இடத்தில் தாங்குகிறது என்று பார்க்கவேண்டும்; அதுதான் அழுத்த மையம்.
அழுத்த மையம் = நனைந்த நீளம் × (0.75 − 1 ÷ (5.21 × வேகக் கெழு² ÷ விகிதம்² + 2.39))
பின்பலகையிலிருந்து 2.4 மீட்டர். படகின் எடை மையமும் ஏறக்குறைய அங்கேயே இருக்கவேண்டும். டேங்கை முன்னால் தள்ளி மையம் 3.2 மீட்டருக்குப் போனால் ட்ரிம் 3 டிகிரி, தடை 3,400. சரி, பின்னால் இழுத்துவிடலாமே என்றால், 1.3 மீட்டரில் ட்ரிம் 6 டிகிரி ஆகியும் தடை 3,040-க்குத்தான் இறங்குகிறது. படகு மூக்கை ஆட்டிக் குதிக்கும் அபாயம்தான் மிச்சம்.

6. தடை × வேகம் = 40 கிலோவாட். ப்ரொப்பெல்லரில் பாதி போகும் என்று 80 வையுங்கள். காற்று, அலைக்கு 15 சதவீதம் சேர்த்தால் 92 கிலோவாட், ஏறக்குறைய 125 எச்.பி.

படகு எழும்புவதற்கு முன் வரும் தடை மேட்டுக்கு (தடை திடீரென்று ஏறும் கட்டத்துக்கு) இந்தத் தாளை நம்பவேண்டாம். அதற்கென்றே 1973-ல் வந்த மெர்சியர்–சாவிட்ஸ்கி சூத்திரம் இருக்கிறது.