விண்கலத்துக்குள் அறை வரைகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

குன்னூரில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு அறிவியல் புனைகதை எழுதிக்கொண்டு வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் கலத்தின் படத்தையும் வரைந்து எடுத்து வருவார்கள். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அறையில் ஓர் ஆளை ஒரு ராத்திரி படுக்க வைக்க முடியாது. கட்டில், ஜன்னல், திரைச்சீலை என்று லாட்ஜ் ரூமை யோசிப்பதுதான் கோளாறு. கீழே எந்தப் பக்கம், காற்று எந்த வழியில் வருகிறது என்ற இரண்டையும் முடிவு செய்யாமல் கட்டிலுக்குப் போகவே கூடாது.

தரை விஷயத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். கலத்தை நீளவாக்கில் படுக்க வைத்து, பின்னால் இன்ஜின், அடியில் தரை என்று வரைந்துவிடுவார்கள். நம் மலை ரயிலில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை இன்ஜின் பின்னாலிருந்துதான் தள்ளுகிறது. ஆனாலும் நாம் பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கு தின்கிறோம், ஏனென்றால் கீழே இழுத்துப் பிடிக்கப் பூமி இருக்கிறது. விண்ணில் அது கிடையாது. இன்ஜின் விடாமல் தள்ளிக்கொண்டிருந்தால் அது இருக்கும் பக்கம்தான் 'கீழே'. ஆகவே இன்ஜின் அடியிலும் அதன்மேல் ஒவ்வொரு தளமாகவும் செங்குத்தாக அடுக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தினால் எல்லோரும் மிதப்பார்கள். அலமாரிக்குத் தாழ்ப்பாள் வேண்டும்.

கலத்தைச் சுழற்றி எடையை உண்டாக்கலாமே என்பார்கள். சரி, செய்யலாம். ஆனால் 10 மீட்டர் ஆரமுள்ள சின்ன வளையத்தில் பூமியின் எடை கிடைக்க நிமிடத்துக்குச் சுமார் 9 அல்லது 10 சுற்று சுற்ற வேண்டும். நின்றால் காலுக்கு முழு எடை, தலைக்கு ஆறில் ஒரு பங்கு குறைவு. திரும்பிப் பார்த்தாலே தலை கிறுகிறுக்கும். நிமிடத்துக்கு இரண்டே சுற்று போதும் என்றால் ஆரம் 220 மீட்டருக்கு மேல் போகிறது. கப்பல் எவ்வளவு பெரிது என்பதை இந்தக் கணக்குதான் சொல்லும், அட்டைப்படம் அல்ல.

அடுத்தது காற்று. எடையில்லாத இடத்தில் சூடான மூச்சு மேலே போகாது. விட்ட இடத்திலேயே முகத்தைச் சுற்றி நிற்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் தூங்கும் அறைக்குள் காற்று ஓடிக்கொண்டே இருக்க ஏற்பாடு வைத்திருப்பது இதற்காகத்தான். அது நின்றுபோனால் கரியமில வாயு தேங்கித் தலைவலியில் விழிக்க வேண்டியதுதான். ஆகவே கதவைச் சாத்தினால் சத்தமே கேட்காத அறை என்று எழுதாதீர்கள். மெல்லிய இரைச்சல் இருந்தே தீரும், அது நின்றால்தான் பயப்பட வேண்டும்.

கூடவே ஈரம். மூச்சிலும் வியர்வையிலும் ஓர் ஆள் நாளுக்கு இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். குளிர்ந்த சுவரில் அது வேர்க்கும். ஐப்பசி மழையில் பீரோவை நகர்த்திப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம்: சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம், பின்பலகை ஊறி உப்பியிருக்கும், உள்ளே மடித்து வைத்த கம்பளியில் கூட அந்த வாடை. ரஷ்யர்களின் மிர் நிலையத்தில் பலகைகளுக்குப் பின்னால் தண்ணீர் உருண்டைகளாகத் திரண்டு மிதந்ததும், பூஞ்சை வளர்ந்ததும் பதிவான சங்கதி. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போடுவது எவ்வளவு அசட்டுத்தனம் என்று இதிலிருந்து தெரியும். இடைவெளி விடுங்கள், பலகையைக் கழற்றித் துடைக்க வழி வையுங்கள்.

காசு கொடுத்த பயணிக்கு வெளி ஓரத்தில் பெரிய ஜன்னலோடு அறை கொடுப்பது இன்னொரு தவறு. ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இருக்கிறதே, அங்கே எண்ணுவது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் துகள்களைத்தான். அந்த உயரத்திலும் நமக்கு மேலே ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 8 டன் காற்று கேடயமாக நிற்கிறது. கலத்தில் அது இல்லை. தண்ணீர்த் தொட்டியையும் உணவுக் கிடங்கையும் சுற்றிலும் வைத்து, படுக்கையை நடுவில் போடுங்கள். வெளி ஓரத்தில் சாமான் கிடக்கட்டும்.

கணப்பு அடுப்பு வரைகிறவர்களுக்கு ஒரு வரி: வெற்றிடத்தில் சூட்டை வாங்கிக்கொண்டு போகக் காற்றே இல்லை, ஆகவே பிரச்சினை சூட்டை வெளியே தள்ளுவதுதான்.

கடைசியாக, மாலுமியையும் பயணியையும் ஒரே நடைபாதையில் வைக்காதீர்கள். பகலில் பறித்த கொழுந்தை வாட வைத்து ராத்திரியில் அரைக்கிற டீ ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து பகலில் படுக்கிறவருக்கு, பக்கத்துச் சுவரில் யார் இருக்கிறார் என்பதுதான் வீட்டின் பரப்பளவைவிட முக்கியம். கலத்தில் எந்நேரமும் யாரோ ஒரு ஷிஃப்ட் தூங்கிக்கொண்டிருக்கும். அவர்கள் படுக்கைச் சுவரும் பயணிகளின் உணவுக்கூடச் சுவரும் ஒன்றாக இருந்தால் மூன்றாம் அத்தியாயத்துக்குள் அடிதடி நடந்தாக வேண்டும். கதைக்கு அடிதடி தேவையென்றால் சுவரை அப்படியே விட்டுவிடலாம்.