டிஸ்ட்ரிபியூட்டரில் ஆயில் கசிவு: கழற்றும் முன்பும் டைமிங் வைக்கும்போதும் செய்யக் கூடாதவை

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் கார்புரேட்டர் மாருதி 800 இன்னும் நிறையவே ஓடுகிறது. இந்த வண்டியில் கியர்பாக்ஸ் மேல் ஆயில் வடிந்திருந்தால், "பின் சீல் போச்சுங்க, கியர்பாக்ஸ் இறக்கோணும்" என்று சொல்லிவிடுவார்கள். பின் சீல் என்பது கியர்பாக்ஸ் பக்கம் கிராங்கில் இருக்கும் ஆயில் சீல். அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். பிளக்குகளுக்கு வரிசைப்படி கரண்ட் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் 800-இல் இருப்பது சிலிண்டர் ஹெட்டில் கியர்பாக்ஸ் பக்கத்து முனையில். அங்கே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து கசிந்தாலும், வால்வு கவர் கேஸ்கட் கசிந்தாலும், ஆயில் வந்து நிற்பது கிளட்ச் ஹவுசிங் மேல்தான். முதலில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். அப்புறம் டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஈரம் தொடங்கும் இடம்தான் கசியும் இடம்.

டிஸ்ட்ரிபியூட்டரின் மேல்மூடியான கேப்பைத் திறந்தால் உள்ளேயும் ஆயில் இருக்கிறதா? அப்படியானால் வெளி ஓ-ரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. உள்ளே சுற்றும் ரோட்டரின் ஷாஃப்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றுவதுதான் சரி. ஆடும் ஷாஃப்டை வைத்துக்கொண்டு யார் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) வைத்தாலும் நிற்காது. ஓ-ரிங்குக்குப் பதிலாக சிலிகான் பேஸ்ட் பூசுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பிதுங்கும் பேஸ்ட் துணுக்கு ஆயில் வழியில் போய் அடைக்கும்.

பெரிய தவறு நடப்பது கழற்றும்போதுதான். கேப்பை எடுத்ததும் ரோட்டர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாடியின் விளிம்பில் ஒரு கோடு போடுங்கள். பாடிக்கும் ஹெட்டுக்கும் சேர்த்து இன்னொரு கோடு. கியர் பற்கள் சாய்வாக வெட்டியவை என்பதால் டிஸ்ட்ரிபியூட்டரை இழுக்கும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பும். திரும்பி நிற்கும் இடத்திலும் ஒரு கோடு போட வேண்டும். இந்த மூன்றாவது கோட்டைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். திரும்ப மாட்டும்போது ரோட்டரை அந்தக் கோட்டில் வைத்து இறக்கினால் அதுவே சுழன்று பழைய இடத்துக்கு வந்துவிடும். புது டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் இந்தக் கோடுகளை அப்படியே அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிளக் வயர்களுக்கு நம்பர் எழுதி ஒட்டுங்கள். 800-க்குப் பொறி விழும் வரிசை 1-3-2. பழைய அம்பாசடருக்கு 1-3-4-2.

டிஸ்ட்ரிபியூட்டர் வெளியே இருக்கும்போது இன்ஜினைச் சுற்றக் கூடாது. யாராவது சுற்றிவிட்டால் ஃப்ளைவீலில் இருக்கும் டைமிங் குறியை மட்டும் நம்பி மாட்டாதீர்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. அதனால் அந்தக் குறி கம்ப்ரஷனிலும் நேராக வரும், எக்ஸாஸ்ட் முடிவிலும் நேராக வரும். பிளக்குகளைக் கழற்றி, சமதரையில் டாப் கியரில் போட்டு வண்டியை மெல்ல முன்னே தள்ளச் சொல்லுங்கள். முதல் சிலிண்டர் பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வையுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வரும்போது குறி நேராக வந்தால் அதுதான் சரியான இடம்.

டைமிங்குக்கு முன் பாயிண்ட் இடைவெளி. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியைக் கிளப்புவதுதான் பாயிண்ட். பாயிண்ட் இருக்கும் வண்டிகளில் இந்த வரிசை மாறவே கூடாது. இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் தானாக அட்வான்ஸ் ஆகிவிடும், அதாவது பொறி முன்கூட்டியே விழும். அம்பாசடரின் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் வைத்து அளந்துவிடுங்கள், கண்ணளவு வேண்டாம்.

பொறி விழும்போதெல்லாம் மின்னிக் குறியைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடிக்கும்போது ஐடிலிங் ஏறியிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் வெயிட்டுகள் விரிந்து டைமிங்கை அட்வான்ஸ் செய்ய ஆரம்பித்துவிடும், பார்ப்பது பொய்க் கணக்கு. முதலில் ஐடிலிங்கை இறக்குங்கள். வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைக்க வேண்டுமா என்பதை உங்கள் வண்டியின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள், எத்தனை டிகிரி என்பதும் அதில் இருக்கும். ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகப் பாடியைத் திருப்பினால் அட்வான்ஸ். பாடியை ஒரு டிகிரி திருப்பினால் கிராங்கில் இரண்டு டிகிரி மாறும், அதனால் மயிரிழை அளவே நகர்த்துங்கள். கிளாம்ப் போல்ட்டை இறுக்கிய பிறகு மறுபடி லைட் பிடித்துப் பாருங்கள். இறுக்கும்போது பாடி நகர்வது சகஜம்.

காதால் கேட்டு வைப்பதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஐடிலிங்கில் இனிமையாகக் கேட்கும் அளவு பெரும்பாலும் அட்வான்ஸ் கூடியதாக இருக்கும். பாலக்காட்டுச் சமவெளியில் அது தெரியாது. நெம்மாறை தாண்டி நெல்லியாம்பதி ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் டப்பாவில் சில்லறை குலுங்குவது போல நாக்கிங் கேட்கும். அதோடு ஓட்டினால் பிஸ்டனுக்கு ஆபத்து. அதற்குப் பயந்து ரொம்பவும் ரிடார்டு செய்தால் (பொறியைத் தாமதப்படுத்தினால்) வண்டி இழுக்காது, சூடேறும், பெட்ரோலும் குடிக்கும்.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் வண்டி திடீரென்று மிஸ் ஆனால் டைமிங்கைத் தொடாதீர்கள். முதலில் கேப்பைத் திறந்து ஈரத்தைத் துடையுங்கள். உள்சுவரில் மெல்லிய கருப்புக் கோடு ஓடியிருந்தால் கரண்ட் அந்த வழியாகப் பாய்கிறது. கேப்பைத்தான் மாற்ற வேண்டும்.