பேத்தியும் பல்லாங்குழியும்

போன மே மாதம், கத்திரி வெயில் நேரம். 7 வயதுப் பேத்தி பெங்களூரிலிருந்து தென்காசிக்கு 5 நாள் தங்க வந்தாள். காலையும் மாலையும் தாத்தாவோடு சுற்றுவாள். மதியம் 12 மணியிலிருந்து 4 மணி வரைதான் பெரும்பாடு. "ஆச்சி, போரடிக்குது" என்று போனைக் கேட்பாள்.

பரணில் கிடந்த பல்லாங்குழியை இறக்கினேன். என் அம்மா ஆடியதுபோலக் குழிக்கு 12 புளியங்கொட்டை, 14 குழிக்கு 168. முதல் ஆட்டம் முடியும் முன்பே எழுந்து போய்விட்டாள். எனக்கு மனசே ஆறவில்லை.

மறுநாள் குழிக்கு 5 மட்டும் போட்டேன், மொத்தம் 70. காலிக் குழி வந்தால் அதற்கு அடுத்த குழியை வழித்து எடுப்பதை மட்டும் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுப்பதை அதற்கடுத்த நாள் சேர்த்தேன். சரியாகப் பிடித்துக்கொண்டாள்! எங்கே தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று விரலால் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கிறாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கிளம்பும்போது 70 கொட்டையையும் எண்ணித் துணிப்பையில் முடிந்துகொண்டாள். பலகை பெட்டியில் கொள்ளவில்லை. தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.