வேல, வீடு, புள்ளைங்க எல்லாத்துக்கும் நடுவுல கத எழுதுறது எப்பிடி

எழுதணும்னு ஆச இருக்க நம்ம தேயிலத் தோட்டத்து ஆளுங்கள கேட்டா முக்காவாசிப் பேர் சொல்றது நேரமே இல்லங்கிறதுதான், அது பொய்யும் இல்ல. விடியக்காலைல அடுப்ப மூட்டி ரொட்டி சுட்டு, புள்ளைங்கள ஸ்கூலுக்கு கெளப்பி, பெரட்டுக்கோ (காலைல வேலைக்கு ஆள் கூடி பேர் குடுக்குற எடம்) பஸ்சுக்கோ ஓடி, பொழுது சாய வந்து தண்ணி புடிச்சு சமைச்சா அப்பறம் எங்க எழுதுறது. நாலு மணிக்கு எழும்பி எழுதுங்கன்னு சில பேர் யோசன சொல்லுவாங்க, அவங்கள சனவரி பனியில நுவரெலியாவுக்கு கூட்டிட்டு வந்து எழுதச் சொல்லணும்.

ஆனா நேரத்த திங்கிறது எழுதுற வேல இல்லங்க, திரும்பத் தொடங்குற வேலதான். 20 நிமிசம் கெடச்சா அதுல முக்காவாசி போன தடவ எங்க விட்டோம், கதையில வர்றவ பேரு என்னன்னு வச்சோம்னு தேடுறதுலயே போயிடும். அத கொறச்சா போதும்.

மொத வேல, ஒரு கட்டத்த எழுதி முடிச்சிட்டு எழும்பாதீங்க, பாதியில எழும்புங்க. கொழுந்து நிறுக்குற எடத்த எழுதுறீங்கன்னு வைங்க. கொழுந்துல இருக்க தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிக்கிறாங்க, செல்லம்மா அக்கா நிமிந்து பாக்குறா, வாயத் தொறக்கப் போறா. அங்கயே கொப்பிய மூடிட்டு போய் மரக்கறி வெட்டுங்க. அவ என்ன சொல்லுவான்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். மொதல்ல வர்றது "என் ரத்தத்தயும் சேத்து கழிங்க" மாதிரி நாடக வசனமாத்தான் இருக்கும், அத எழுதாதீங்க. தண்ணி புடிச்சு முடிக்கிறதுக்குள்ள வேற ஒண்ணு வரும், அவ ஒண்ணுமே சொல்லாம, இடுப்புல கட்டுற படங்குச் சாக்க உதறிக் கட்டிக்கிட்டு அடுத்தவளுக்கு வழி விடுறா. அதுதான் நம்ம அக்கா. அடுத்த நாள் ஒக்காந்தா தேடவே வேணாம், அந்த வரியில இருந்து போகலாம்.

வேல செஞ்சிக்கிட்டே மனசுல கட்டுறது நமக்கு புதுசும் இல்ல. மலையில பாடுன பாட்டெல்லாம் கை வேல செய்யிறப்பவே வாயில கட்டுனதுதான், நம்ம மலையகத்து எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை மாதிரி ஆளுங்க தேடிச் சேத்ததாலதான் அதுல கொஞ்சமாவது அச்சுல இருக்கு. ஆனா நமக்கு மறந்து போயிடும், அதனால போன் வேணும்.

வாட்ஸ்அப்ல ஒங்க நம்பருக்கே மெசேஜ் போடலாம், அத மேல பின் பண்ணி வச்சிட்டு தோணுனத ரெண்டு மூணு வார்த்தையா போடுங்க, "தராசு, ரெண்டு கிலோ, படங்கு உதறுறா" அவ்ளோதான். நெறைய எழுதணும்னா கூகுள் கீபோர்ட்ல வொய்ஸ் டைப்பிங் மொழியா தமிழ் (இலங்கை) போட்டுக்கிட்டு பேசுங்க. பெரட்டு, கவ்வாத்து மாதிரி சொல்லெல்லாம் கன்னாபின்னான்னு விழலாம், அப்பவே நிப்பாட்டித் திருத்தாதீங்க, பெறகு பாத்துக்கலாம். சிக்னல் இல்லாத எடத்துல சும்மா ரெக்கோடர்ல பேசி வைங்க. ஹட்டன்ல இருந்து தலவாக்கலைக்கு பஸ்ல போறப்போ அந்த வளைவுக்கு கையால எழுத ஏலாது, தலதான் சுத்தும், போன காதுல வச்சு யார்கூடயோ கால் பேசுற மாதிரி கதையச் சொல்லிக்கிட்டே போகலாம், யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. பாத்தா வீட்டு சண்டன்னு நெனைப்பாங்க, இருந்துட்டு போகட்டும்.

தனி ரூம், மேசைன்னு எல்லாம் லயத்துல, நம்ம வரிச வீட்டுல, கேக்க முடியாது. ராவுல புள்ளைங்க படிக்கிறப்போ நீங்களும் ஒரு சீஆர் கொப்பிய எடுத்துக்கிட்டு பக்கத்துல ஒக்காந்துடுங்க, அந்த நேரத்துல யாரும் வேல சொல்றது கொறவு.

வருசம் பூரா ஒரே மாதிரி எழுதவும் ஏலாது. நம்ம பக்கம் ஏப்ரல், மே மாசத்துல கொழுந்து கூடிடும், ஸ்டோர்லயும் (தேயில பக்டரி) மலையிலயும் மூச்சு விட நேரமிருக்காது, அப்ப புதுசா ஒண்ணும் தொடங்காம குறிப்பு மட்டும் சேருங்க. மத்த மாசத்துக்கு போயா நாள, அதான் பௌர்ணமி லீவு நாள, கெடுவா வச்சிக்கோங்க. பெரும்பாலும் மாசத்துக்கு ஒண்ணு வரும், ஸ்கூலும் ஆபிசும் லீவு, யாரும் கலண்டர்ல குறிச்சு ஞாபகப்படுத்தத் தேவையில்ல. அன்னைக்கு புதுசா எழுதாம, சேத்து வச்சத ஒட்டி சத்தமா வாசிச்சுப் பாருங்க, நாக்கு தடுக்குற எடத்த வெட்டுங்க. நாவல் எல்லாம் இப்ப வேணாம், ஒரு எடம், ஒரு பொழுது, ரெண்டு ஆளு, அது போதும்.

வாசிக்க காசில்லன்னா நூலகம்ங்கிற இணையத்தளத்துல (noolaham.org) மலையகத்து புத்தகங்களே நெறைய இலவசமா கெடக்கு. முடிச்ச கதைய யூனிகோட்ல டைப் பண்ணி ஒரு காப்பி வச்சிக்கிட்டு வீரகேசரி, தினகரன் வாரமஞ்சரி மாதிரி பேப்பருக்கு அனுப்புங்க. அனுப்புன அன்னைக்கே அடுத்த கதைக்கு ரெண்டு வரி போட்டு வச்சிடுங்க, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கத வந்துச்சான்னு பேப்பர பொரட்டிக்கிட்டே இருந்தா அடுத்த போயாவும் போயிடும்.