இரட்டை என்ஜின் சிமுலேட்டர் பயிற்சி: கை முந்துவதும் இன்ன பிற தவறுகளும்

முதல்முறை புதுப்பிப்புப் பயிற்சிக்கு வருகிறவர்கள், மூத்த விமானிகள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். ரேடியோ அலைவரிசையை மாற்றிப் போடுவது, சக்கரத்தை மடக்க மறப்பது போன்றவை இரண்டு அமர்வில் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடலாம்.

எந்த என்ஜின் என்று தெரியும் முன்பே கை போவது

பார்க்கப் பார்க்க எரிச்சல் மூட்டும் தவறு இது. ஓடுபாதையை விட்டு எழும்பியதும் ஒரு என்ஜின் நிற்கப்போகிறது என்பது சிமுலேட்டரில் உட்காரும் எல்லோருக்கும் தெரியும். அதற்கென்றே காத்திருக்கும் கை, மூக்கு ஒரு பக்கம் திரும்பிய மறுநொடி என்ஜினைக் கட்டுப்படுத்தும் லீவருக்குத் தாவுகிறது. வேகமாகச் செய்தால் மதிப்பெண் கூடும் என்று யார் சொன்னார்களோ! இரண்டு நொடி தாமதித்தால் போவது கொஞ்சம் உயரம். நல்ல என்ஜினை நிறுத்தினால் விமானமே போகும்.

2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் நடந்தது இதுதான். டிரான்ஸ்ஏசியா 235, ஏடிஆர் 72-600 ரகம். எழும்பிய சிறிது நேரத்தில், கோளாறான ஒரு சிக்னலால் வலப்பக்க ப்ரொப்பெல்லர் தானாகவே ஃபெதர் ஆனது, அதாவது காற்றுக்குத் தடை குறையும்படி அதன் தகடுகள் விளிம்பு காட்டித் திரும்பிக்கொண்டன. இடது என்ஜினுக்கு ஒன்றுமில்லை. எச்சரிக்கை ஒலித்த சில நொடிகளிலேயே கேப்டன் இடது என்ஜினின் சக்தியைக் குறைக்கத் தொடங்கி, பிறகு அதை நிறுத்தியும் விட்டார். சரிபார்ப்போம் என்று பக்கத்தில் இருந்த விமானி சொன்னது எடுபடவில்லை. இரண்டு நிமிடத்துக்குள் விமானம் கீலுங் ஆற்றில் கிடந்தது. 58 பேரில் 43 பேர் இறந்தனர். ஒரே என்ஜினில் ஏறக்கூடிய விமானம் அது. கேப்டன் பதவிக்கான சிமுலேட்டர் தேர்விலும் அவர் முதல்முறை தேறவில்லை.

பைப்பர் செமினோல் மாதிரியான பிஸ்டன் விமானத்தில் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் ரடரை (வாலில் உள்ள திசைத்தகடு) மிதித்து மூக்கை நேராக்கி, வேகத்தை நீலக் கோட்டில் (ஒரே என்ஜினில் சிறப்பாக ஏறும் வேகம்), அதாவது 88 நாட் (மணிக்கு 88 கடல்மைல்) வேகத்தில் பிடியுங்கள். மிக்ஸ்சர் (எரிபொருள் கலவை), ப்ரொப்பெல்லர், த்ராட்டில் (சக்தி) ஆகிய மூன்று ஜோடி லீவர்களும் முழுக்க முன்னே. ஃப்ளாப் (இறக்கை மடல்), சக்கரம் மேலே. அதன்பிறகே அடையாளம்: எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க என்ஜின்தான் செத்தது. அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்து, அந்தப் பக்கத்துத் த்ராட்டிலை மட்டும் மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். மூக்கும் சத்தமும் மாறாவிட்டால் சந்தேகம் சரி. காலில் அழுத்தம் மாறினால் உடனே முன்னே தள்ளுங்கள், கை தப்பான லீவரில் இருக்கிறது. இது முடிந்த பிறகுதான் ஃபெதர், கடைசியில் மிக்ஸ்சரை மூடுவது.

காலை நம்பாமல் மீட்டரை நம்புகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். என்ஜின் நின்றாலும் காற்று சுழற்றும் ப்ரொப்பெல்லரின் வேகத்தை கவர்னர் என்ற கருவி பிடித்து வைப்பதால் ஆர்பிஎம் பெரிதாக விழாது. த்ராட்டில் திறந்திருந்தால் மேனிஃபோல்ட் பிரஷர் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒட்டியே காட்டும், பார்வைக்கு எல்லாம் நலம். எரிபொருள் ஓட்டமும் புகைவெப்பமும்தான் உண்மையைச் சொல்லும்.

கிங் ஏர் என்ற டர்பைன் என்ஜின் விமானத்தை ஓட்டுகிறவர்கள் இந்தத் த்ராட்டில் சோதனையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் ஒரு பவர் லீவரைப் பின்னுக்கு இழுத்தாலே ஆட்டோஃபெதர் (என்ஜின் நின்றால் தானே ஃபெதர் செய்யும் அமைப்பு) அணைந்துவிடும். டார்க் (திருகுவிசை) மீட்டரையும் ப்ரொப்பெல்லர் ஆர்பிஎம்மையும் இரு விமானிகளும் பார்த்துச் சொன்ன பிறகே லீவரைத் தொட வேண்டும்.

தவறான முடிவு சில நேரம் சரி போலவே தோன்றும். 1989 ஜனவரி 8, இங்கிலாந்தின் கெக்வொர்த்: போயிங் 737-400இல் இடது என்ஜினின் விசிறித் தகடு முறிந்தது, விமானிகள் வலது என்ஜினின் சக்தியைக் குறைத்தனர். சக்தியைத் தானே சரிசெய்யும் ஆட்டோ த்ராட்டில் விலகியதால் இடது என்ஜினின் அதிர்வும் அப்போது தணிந்தது. சரியாகத்தான் செய்தோம் என்று நம்பி வலதை நிறுத்தினர். 47 உயிர்கள் போயின.

ஃபெதரைத் தள்ளிப்போடுவது

மேலே சொன்னதைக் கேட்டு எதிர்க்கோடிக்குப் போகிறவர்களும் உண்டு. செமினோலில் ஆர்பிஎம் 950க்குக் கீழே போனால் பூட்டு விழுந்துவிடும், ஃபெதர் ஆகாது.

பந்தை நடுவில் நிறுத்துவது

விமானம் பக்கவாட்டில் சறுக்குவதைக் காட்டும் மீட்டரின் பந்து நடுவில் நிற்பது, இரண்டு என்ஜினும் ஓடும்போதுதான் அழகு. ஒன்று நின்றால், ஓடும் என்ஜின் பக்கம் 2 முதல் 3 டிகிரி சாய்த்து, பந்தை அதே பக்கம் பாதி விலகவிடுங்கள். சாய்வில் ஒரு டிகிரி குறைந்தால் கட்டுப்பாடு இழக்கும் வேகம் சுமார் 3 நாட் கூடலாம். அந்த வேகத்தைக் காட்டும் சிவப்புக் கோடு, நல்ல என்ஜின் பக்கம் சாய்த்து அளந்த எண் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இருக்கையைச் சரிசெய்யாமல் தொடங்குவது

ரடர் பெடலை முழுக்க மிதித்தும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும்.

ஒற்றை என்ஜினில் மறுபடி மேலெழ நினைப்பது

சக்கரமும் ஃப்ளாப்பும் இறங்கிய சிறிய விமானம், வெயில் நாளில் ஒரே என்ஜினில் ஏறவே ஏறாமல் போகலாம். எந்த உயரத்துக்குக் கீழே இறங்கியே தீர்வது என்று ஓடுபாதையை அணுகுமுன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

ரடர் ட்ரிம்மை மறப்பது

தரை தொடுமுன் த்ராட்டிலை மூடினால், போட்டுவைத்த ட்ரிம் (ரடரை ஒரு பக்கம் பிடித்துவைக்கும் அமைப்பு) மூக்கை இழுக்கும்.

முழுச் செயலிழப்பை மட்டுமே பழகுவது

சிமுலேட்டரில் பொத்தானை அழுத்தினால் என்ஜின் சுத்தமாக நிற்கும். வானில் பாதி சக்தி போகும், திரும்ப வரும், இருமும். 2014 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் விச்சிட்டாவில் எழும்பிய கிங் ஏர் ஒன்றின் இடது என்ஜினில் சக்தி குறைந்தது. ஏன் என்பது கடைசிவரை தெரியவில்லை. அது விழுந்த இடம் ஒரு சிமுலேட்டர் பயிற்சிக் கட்டடம். விமானியும் கட்டடத்துக்குள் இருந்த 3 பேரும் இறந்தனர். ரடர் தவறாக மிதிக்கப்பட்டதை அமெரிக்க விசாரணை வாரியம் காரணமாகக் குறிப்பிட்டது.

அரைகுறைச் செயலிழப்பில் சும்மா இருக்கும் கால் எது என்பதே குழம்பும். கொஞ்சமேனும் இழுக்கும் என்ஜினை உடனே ஃபெதர் செய்வதா, உயரம் கிடைக்கும்வரை விட்டுவைப்பதா என்பதையும் முடிவு செய்ய வேண்டியிருக்கும். 200 அடியில் இதை நிஜ விமானத்தில் பழக வழியில்லை. அமர்வின் கடைசி 20 நிமிடத்தை, எப்போது எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்லாமல் இதற்காகவே ஒதுக்கும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள்.